தம்பியிடம் தமிழ் பேசக் கூடாது

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தாள். ஆட்டிசம் உள்ள குழந்தையோடு அதன் அண்ணன், அக்கா, தங்கைகள் ஒட்டுதலாக வளர என்ன செய்யலாம் என்று அதில் போட்டிருந்தது. கீழே ஆளாளுக்குக் கும்பிடு, இதயம், பூங்கொத்து. நான் ஒன்றும் போடவில்லை. "நீதானே இதுல அனுபவசாலி, ஏதாவது சொல்லேன்" என்று ஒருத்தன் சீண்டினான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள். நமக்கெல்லாம் கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி வேண்டியிருக்கிற வயசு வந்துவிட்டது. இனிமேல் இதை யாருக்காகப் பத்திரப்படுத்துவது?

பெரியவர்கள் கூட இருந்து உதவ வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. எங்களுக்கும் பெரியவர்கள் உதவினார்கள். உதவித்தான் கெடுத்தார்கள்.

உங்களில் பலருக்குப் பூனாவில் அந்தக் காலத்துக் கசார்வாடி தெரியும். பழைய மும்பை ரோட்டில் லாரிகள் ராத்திரி பகல் இல்லாமல் ஓடும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக லேத் பட்டறைகள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இரும்புச் சுருள்கள் மின்னும். செருப்பில்லாமல் இறங்கினால் காலைக் கிழித்துவிடும். அப்பா கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, போசரியில் ஒரு பட்டறைக்கு மேற்பார்வையாளராக வந்தவர். அவர் சட்டையில் எப்போதும் கட்டிங் ஆயில் வாசம் இருக்கும். எத்தனை தடவை அலசினாலும் போகாது. எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

அம்மா ஒரு பேச்சு இயந்திரம். வெண்டைக்காய் அரிந்தால் வெண்டைக்காயோடு பேசுவாள். பால் பொங்கினால் பாலைத் திட்டுவாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெற்ற பிள்ளையையே 'வாங்க, போங்க' என்பாள். "எந்திரிங்க சாமி, காக்காயெல்லாம் வேலைக்குப் போயிருச்சு, நீங்க என்ன இன்னும் படுத்துட்டு" என்று தம்பியை எழுப்புவாள். அவனுக்கு அப்போது ஐந்து வயது. எனக்குப் பத்து.

தம்பி யார் முகத்தையும் பார்க்க மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆனால் குழாயடியில் வாளி நிறைவதை மணிக்கணக்காகப் பார்ப்பான். ஆட்டிசம் என்ற சொல் எங்கள் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்" என்றார்கள் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள். எதிர்வீட்டு காக்கு, அதாவது மராத்திக்காரச் சித்தி, அவன் நாக்கில் தேன் தடவினாள். அவனும் நக்கிக்கொண்டு சும்மா இருந்தான்.

அந்த வருசம் ஆடி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். பஸ் மாறிப் போக வேண்டும். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற கருவியை 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே வந்தார். தம்பி தலையைத் தூக்கினான். கண்டக்டர் முன்னால் போனால் அவன் தலையும் முன்னால் போகிறது. பின்னால் வந்தால் பின்னால் வருகிறது. அணையில் சுட்ட சோளக்கதிரைக் கையில் கொடுத்தோம், கடிக்கவில்லை. மதகிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக் கையை உதறி உதறிச் சிரித்தான். அவன் சிரிப்பு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அன்று அம்மா நனைந்துகொண்டே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் நகவெட்டியை எடுத்தேன். மாடிப்படியில் அவனை உட்காரவைத்து, 'டிக் டிக்' என்று அடித்து, "எங்க போகோணும்?" என்று கேட்டேன். அவன் கண் நகவெட்டியிலேயே இருந்தது. "தண்ணிக்கா?" என்று நானே கேட்டு, நானே ஒரு காகிதத் துண்டைக் கிழித்துக் கொடுத்தேன். தினமும் இதே விளையாட்டு. கொஞ்ச நாள் போனபின் ஒரு சாயங்காலம், "எங்க போகோணும்?" என்றதும் சுவரைப் பார்த்துக்கொண்டு "தண்ணிக்கு" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான். அந்த ஒரு சொல்லுக்கு வந்த சந்தோஷம் எதிலும் வரவில்லை.

பிறகு ஒருநாள் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவனே வந்தான். நகவெட்டியை என் நோட்டின் மேல் வைத்தான். "அக்கா" என்றான்.

அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னொருக்கா சொல்லுங்க சாமி, இன்னொருக்கா" என்று கெஞ்சினாள். அவன் சொல்லவில்லை. மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தான். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள்.

அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. "வாய் வந்துருச்சு, இதுதான் நேரம், பெரிய டாக்டரா பாத்துக் காட்டிரலாம்" என்றார் அப்பா. பூனா கேம்ப் ஏரியாவில் ஒரு டாக்டர். குளிரூட்டிய அறை, பினாயில் வாசம், மேசையில் ஒரு பிளாஸ்டிக் மூளை. டாக்டர் பொறுமையான மனிதர்தான். வீட்டில் பையன் காதில் என்னென்ன மொழி விழுகிறது என்று கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி அடுக்கினார்: வீட்டில் தமிழ், கட்டடத்தில் மராத்தி, கடையில் ஹிந்தி, மகள் படிப்பது இங்கிலீஷ், மாடி வீட்டில் கன்னடம். மெச்சிக்கொள்வார் என்று நினைத்திருப்பார் பாவம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதுதான் கோளாறு, குழந்தையின் தலைக்குள் நெரிசல், ஒரே ஒரு மொழியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நிறுத்துங்கள் என்றார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த பேச்சு எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.

"ஒண்ணுதான்னா தமிழையே வெச்சுக்கலாமுங்களே" என்றாள் அம்மா. "நாள் முச்சூடும் என்ற கூடத்தான இருக்கறான்."

"தமிழ வெச்சுட்டு இந்த ஊர்ல ஆருகிட்டப் பேசுவான்? ஸ்கூலு, டாக்டரு எல்லாம் இங்கிலீசு. நான் பட்டது போதும், இவனும் படோணுமா?"

அப்பா பட்டது என்ன என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் அவர் அரைகுறை ஹிந்தியில் ஏதோ சொல்ல, பட்டறை மொத்தமும் சிரித்திருக்கிறது. முதலாளியே அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாராம். அதற்குப் பிறகு வருசக்கணக்காக அப்பா கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது என்று நினைத்தார். கெட்ட எண்ணம் என்று எப்படிச் சொல்வது? கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எனக்கு அது வராதுங்களே" என்றாள் அம்மா.

"வர்றதப் பேசு. வராதத உட்டுரு."

இவ்வளவுதான் தீர்ப்பு: இனி அவனிடம் இங்கிலீஷ் மட்டும். காக்குவிடம் அம்மா தன் ஓட்டை ஹிந்தியில் முறையிட்டாள். காக்குவும் கையை விரித்தாள். "டாக்டர்னே போலா நா?" என்றாள். டாக்டர் சொன்னபின் நாம் என்ன பேசுவது என்று அர்த்தம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. கம், சிட், கிவ், நோ, குட் பாய். சொல்லக் கூசுகிறது, கீழ்வீட்டில் ஒரு நாய் இருந்தது, அதனிடமும் அவர்கள் இதே சொற்களைத்தான் பேசினார்கள். 'எந்திரிங்க சாமி, காக்காயெல்லாம் வேலைக்குப் போயிருச்சு' என்று எழுப்பியவள் 'கெட் அப்' என்று எழுப்பினாள். குளிப்பாட்டும்போது முன்பெல்லாம் முதுகோடு பேசுவாள், காதோடு பேசுவாள், சோப்பு கண்ணில் பட்டுவிட்டால் சோப்பைத் திட்டுவாள். இப்போது தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். வராததை விட்டுவிடச் சொன்னார்கள், அவளும் விட்டாள். அவளுக்கு வராதது முக்கால்வாசி.

மத்தியானங்களில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவாள். குக்கரிடம், பாத்திரத்திடம். ஒருநாள் லீவில் வீட்டில் இருந்தபோது பார்த்தேன். தம்பி வெளியே நின்று அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தான்.

நான் அவனோடு தமிழில் பேசுவதை நிறுத்தவில்லை. என்னால் முடியவில்லை. "பஸ்ஸு, வாட்டருன்னு சொல்லிக்குடு, நீதான் அவனுக்கு டீச்சரு" என்றார் அப்பா. "எங்க போகோணும்?" என்று கேட்காமல் "வேர் ஆர் யூ கோயிங்?" என்றால், அவன் நகவெட்டியையே என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். விளையாட்டுக்கு அவனுக்கு ஒரு முறை இருந்தது. அது மாறினால் அது விளையாட்டே இல்லை. அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பழைய பஸ்ஸையே ஓட்டினோம். அது தீபாவளி லீவு. கீழே பிள்ளைகள் செம்மண் குழைத்து மண்கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்; பூனாவில் தீபாவளிக்கு அது ஒரு வழக்கம். அவர்கள் மிச்சம் வைத்த மண்ணை மாடிக்குக் கொண்டுவந்து நாங்கள் அணை கட்டினோம். அவன் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். "ஊத்து" என்பான். உடைந்தால் "போச்சு" என்று தலையில் கை வைப்பான், அச்சு அசல் அம்மா மாதிரியே. செம்மண் காய்ந்து கையெல்லாம் இறுகியிருக்கும். அக்கா, அக்கா என்று அவன் என் பாவாடையைப் பிடித்து இழுத்த நாட்கள் அவை.

தீபாவளி முடிந்ததும் மறுபடியும் டாக்டர். இந்தத் தடவை ஒவ்வொரு அட்டையாகப் படம் காட்டினார். பூனை, தம்பி ஜன்னலைப் பார்த்தான். பந்து, அதற்கும் ஜன்னல். ஒரு டம்ளர் தண்ணீர்.

"தண்ணி" என்றான்.

கணீரென்று சொன்னான். வெளியாள் ஒருத்தர் முன்னால் அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் கை தட்டப் போனேன். டாக்டர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். வீட்டில் யாரோ இன்னும் அவனிடம் அந்த மொழியில் பேசுகிறார்கள், இப்படி இருந்தால் நான் என்ன செய்ய முடியும் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்கூட்டரில் தம்பி முன்னால் நின்றான், நடுவில் நான், பின்னால் அம்மா. சிக்னலில் அப்பா திரும்பாமலே என்னைக் கேட்டார்: "ஆரு அம்முணி பேசினது?"

"படத்துல தண்ணிதானப்பா இருந்துச்சு?" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. படத்தில் தண்ணீர் இருந்தது, குழந்தை தண்ணி என்றது. அதற்குத் தண்டனை.

தண்டனை என்று அவர்கள் சொல்லவில்லைதான். "உன்ற நல்லதுக்கும் அவன் நல்லதுக்கும்" என்றார்கள். இனி அவனோடு தனியாக இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக காக்கு வீட்டுக்குப் போய், பொழுது சாய்ந்து அப்பா வருகிறவரை அங்கேயே படிக்க வேண்டும். நகவெட்டியை எடுத்து பீரோவுக்கு மேலே போட்டார்கள். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

காக்கு வீட்டுக்குக் கம்பிக்கதவு. முதல் நாளே தம்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா" என்றான். நான் எழுந்தேன். காக்கு என் தோளில் கை வைத்து அமர்த்தினாள். அவளுக்கு அப்பாவின் உத்தரவு: அவன் இங்கிலீஷில் கேட்டால்தான் கதவு. "அக்கா" என்றான் மறுபடியும். அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எதிரெதிர் வாசல்கள். நடுவில் அவன் நின்றான், நாங்கள் இருவரும் பேசாமல் இருந்தோம். அது என் குற்றம் என்று நான் சொல்லப் போவதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் வாயைக் கட்டியவர்களைப் போய்க் கேளுங்கள்.

அவன் தினமும் வந்தான். குளிர் தொடங்கியபோது, அப்பா பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, ஒருநாள் கம்பியைப் பார்த்து "ஓப்பன்" என்றான். கதவு திறந்தது. அப்பாவுக்கு ஆனந்தக் கண்ணீர். கட்டடம் முழுக்கப் பேடா கொடுத்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பி கதவைப் பார்த்து ஓப்பன் என்றான், டப்பாவைப் பார்த்து ஓப்பன் என்றான், குழாயைப் பார்த்தும் ஓப்பன் என்றான். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய், காக்கு வீட்டு வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா என்ற சொல் அத்தோடு போயிற்று. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதேதான்.

அதற்குப் பிறகு வருசங்கள் ஓடின. பூனா மாறியது. கம்ப்யூட்டர் வேலைக்கு ஊரிலிருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். கடையில் நின்றால் நாலு தமிழ்க் குரல் கேட்டது. அந்த அலையில் வந்த ஒரு பெண், சென்னைக்காரி, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். தம்பிக்கு அப்போது இருபது வயது ஆகப் போகிறது. ஆட்டிசம் என்று எங்களுக்குப் பெயர் சொன்னவள் அவள்தான். நாங்கள் எல்லாரும் அவளிடம் போயிருந்தோம்.

"வீட்ல என்ன பாஷைம்மா பேசுவீங்க?"

"எங்களுக்குள்ள தமிழுங்க. அவங்கிட்ட மட்டும் இங்கிலீசு" என்றாள் அம்மா.

"ஏம்மா? உங்களுக்கு எது சரளமா வருதோ அதுலயே பேசியிருக்கலாமே. அதான் நல்லது. பல பாஷை கேட்டா கெட்டுப்போகும்னு சொல்றதெல்லாம் தப்பும்மா."

"அப்ப அப்பிடித்தான் சொன்னாங்க" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "இனிமேலு நீ தமிழ்லயே பேசு."

"என்னத்தப் பேசறதுங்க?" என்றாள் அம்மா. "பேச வேண்டிய காலத்துல எல்லாத்தையும் குக்கருகிட்டப் பேசிட்டனுங்க."

இருந்தாலும் பேசிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. நாங்கள் எங்களுக்குள் பேசுகிற தமிழ் தனக்கில்லை என்று அவனே பழகிக்கொண்டிருந்தான். ஃபேன் சத்தம் போல அதை ஒதுக்கி வைத்திருந்தான். எத்தனை பாடுபட்டு அதைப் பழக்கியிருந்தோம்!

அடுத்த சில வருசங்களில் அப்பா போய்விட்டார். சாகும்வரை அவர் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பது போல ஆரஞ்சு உரித்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவும் படுத்தாள். ஊரிலிருந்து வந்த மாமா, "கட்டிக் குடுத்த புள்ள ஊட்ல இவன எப்பிடி வெச்சிருக்கறது? இவங்களுக்குன்னு ஹோம் இருக்குது, சேத்தி உட்டரலாம்" என்றார். என்னோடு இருக்கட்டும் என்றேன் நான். என் வீட்டுக்காரரும் சரி என்றார். மாமா விடவில்லை. நானும் விடவில்லை. அம்மா கையைத் தூக்கி எங்கள் சண்டையை நிறுத்தினாள்.

"அவனக் கேளு அம்முணி" என்றாள். "உன்ற கூட வந்து இருக்கறதுக்கு அவனுக்கு இஷ்டமான்னு கேளு. இத்தன நாள்ல ஆரும் அவன எதும் கேட்டதில்ல."

தம்பி பால்கனியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஒரு தலை உயரம். காதோரம் அதற்குள் ஓரிரண்டு நரை. பக்கத்தில் போய் நின்றேன். தமிழில் ஆரம்பித்தேன், அவன் பார்வை ரோட்டை விட்டு அசையவில்லை. சரி, இங்கிலீஷில் கேட்போம் என்று வாயைத் திறந்தேன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் என்ன? வா, உட்கார், கொடு, கூடாது, திற. உனக்கு இஷ்டமா என்று கேட்கிற மாதிரி ஒரு சொல்லை நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் அவனோடு நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து, "சரிங்கறாம்மா" என்றேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"நீ அவனக் கேக்கவே இல்லியே அம்முணி."

தம்பி இப்போது என்னோடுதான் இருக்கிறான், பக்கத்து அறையில். அவனுக்கு இதில் இஷ்டமா என்று எனக்குத் தெரியாது.